அடி உதவாத இடம்

‘போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார்.’ நம் நாளிதழ்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்போம்! அது என்ன பாணி என்று நிருபரும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ‘துப்பாக்கி’ படத்தில் ராணுவ அதிகாரியான நாயகன், பிடித்த ஆளை வீட்டிலேயே அடைத்துவைத்து ‘விசாரித்தபோது’ தியேட்டரில் விசில்தான் பறந்தது. ஆகவே, போரில் பிடிபட்டவனை ராணுவம் எதுவரை விசாரிக்கலாம் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. ‘ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய சட்டம். குண்டு வெடிக்கிற இடத்தில் வந்து நின்று பார்க்கட்டும்’ என்கிறார்கள். சிப்பாயின் கையைக் கட்டிவிட்டு எதிரிக்குக் கவசம் மாட்டுகிற வேலை என்பது அவர்களின் தீர்ப்பு.

இந்த நம்பிக்கைக்கு நாம் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா அதை அரசின் கொள்கையாகவே வைத்து நடத்திப் பார்த்தது. உலகத்திலேயே பலம் வாய்ந்த ராணுவம், பணத்துக்குப் பஞ்சமில்லை, கேள்வி கேட்க ஆளுமில்லை. அடி உதவும் என்றால் அங்கே உதவியிருக்க வேண்டும். என்ன நடந்தது என்பது இப்போது விசாரணைக் குழு அறிக்கைகளாகவும் நீதிமன்றப் பதிவுகளாகவும் கிடக்கிறது. அவற்றைப் படித்த பிறகும் ‘சட்டம் கையைக் கட்டுகிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் படிக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

இராக்கின் மேற்கு எல்லையில் அல் காயிம் என்று ஓர் ஊர். 2003 நவம்பரில் அபெத் ஹமத் மௌஹூஷ் என்ற இராக்கிய மேஜர் ஜெனரல் அங்கிருந்த அமெரிக்க முகாமுக்குத் தானாகவே நடந்து வந்தார். பிடித்துவைத்திருந்த தன் மகன்களை விடச் சொல்லிக் கேட்க வந்தார் என்கிறார்கள். அவரையும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 26 அன்று, வெல்ஷோஃபர் என்ற ராணுவ விசாரணையாளர் அவரை ஒரு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தலைகீழாக நுழைத்தார். மலையேறுகிறவர்கள் குளிருக்காக உள்ளே புகுந்து படுப்பார்களே, அந்தப் பை. அதன்மேல் மின்கம்பியைச் சுற்றிக் கட்டினார். பிறகு அவர் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார். பையை அவிழ்த்தபோது மௌஹூஷ் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இயற்கை மரணம் என்று ராணுவம் முதலில் அறிவித்தது. மூச்சுத் திணறலும் நெஞ்சில் அழுத்தமும்தான் காரணம் என்றது பிரேதப் பரிசோதனை.

இந்தக் காட்சியில் வெல்ஷோஃபரை ஒரு மிருகம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். அது மேலே இருந்தவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் அந்த வருடத்தில் விதிகள் பட்ட பாட்டைப் பாருங்கள். குவாண்டனாமோவிலிருந்த அமெரிக்க ராணுவச் சிறையில் என்னென்ன முறைகளைக் கையாளலாம் என்ற பட்டியலுக்குப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் 2002 டிசம்பர் 2 அன்று ஒப்புதல் தந்தார். கைதியை 4 மணி நேரம் நிற்கவைக்கலாம் என்று இருந்த இடத்தின் கீழே, நானே ஒரு நாளைக்கு 8, 10 மணி நேரம் நிற்கிறேனே, இவர்களுக்கு மட்டும் ஏன் 4 மணி என்று கைப்பட எழுதியும் வைத்தார். கடற்படையின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஆல்பர்டோ மோரா சண்டை பிடித்ததால் ஜனவரி 15-ல் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். ஏப்ரல் 16-ல் வேறொரு பட்டியல் வந்தது. இராக்கில் அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் சான்செஸ் செப்டம்பர் 14-ல் ஒரு பட்டியல் போட்டார், அக்டோபர் 12-ல் அதை மாற்றினார். ஒரு வருடத்துக்குள் 5 உத்தரவுகள். இதற்கிடையே கோடைகாலத்தில் இராக்கில் இருந்த அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு கேப்டன் எல்லாப் பிரிவுகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, இனி தயவு தாட்சண்யம் கிடையாது, உங்களுக்கு என்னென்ன முறை வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். சரக்கு லிஸ்ட் கேட்பது மாதிரி! அதற்கு ஒரு மேஜர், நாம் யார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம் என்று பதில் போட்டதும் பதிவில் இருக்கிறது. அவர் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கையைக் கட்டியது சட்டமா? கையை அவிழ்த்துவிட்டோம் என்று சொன்னவர்கள் சிப்பாயின் காலடியில் இருந்த தரையையும் சேர்த்து உருவிவிட்டார்கள். பிறகு, இராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை வதைத்த படங்கள் 2004 ஏப்ரலில் வெளியானபோது, சிறைக்குப் போனவர்கள் சார்ஜென்ட்களும் சாதாரணச் சிப்பாய்களும். பட்டியல் போட்டவர்களில் ஒருவர்கூட இல்லை.

‘ஏசி அறைச் சட்டம்’ என்ற பேச்சுக்கு வருவோம். நவீனப் போர்ச் சட்டத்தின் முதல் தொகுப்பு என்று சொல்லத்தக்க ஒன்றை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஏப்ரல் 24 அன்று லிங்கன் வெளியிட்டார். வாக்குமூலம் வாங்குவதற்காகச் சித்திரவதை கூடாது, தகவலுக்காகக் கைதியை வதைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதிய பிரான்சிஸ் லீபர் ஒரு கல்லூரிப் பேராசிரியர்தான். ஆனால் சிறுவயதில் நெப்போலியனுக்கு எதிரான போரில் பிரஷ்யப் படையில் நின்று குண்டடி பட்டவர். அவருடைய பிள்ளைகள் இந்த உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் சண்டையிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற மகன் 1862-ல் செத்துப்போனான். போர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, ‘பயங்கரவாதி எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான், அவனுக்கு எதற்கு ஜெனீவா?’ என்ற கேள்வி. புஷ் அரசாங்கம் 2002 பிப்ரவரி 7 அன்று இதையே உத்தரவாக்கியது. லீபரின் விதிகள் யாரைப் பற்றியவை? லிங்கன் ஒரு நாடு என்றே ஒப்புக்கொள்ளாத கிளர்ச்சிக்காரர்களைப் பற்றியவை. அவர்களும் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. 1949-ல் வந்த நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் பொதுவாக இருக்கும் 3-வது பிரிவு எழுதப்பட்டதே இப்படி நாடு நாடாக மோதாத சண்டைகளுக்காகத்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006 ஜூன் 29 அன்று ஹம்தான் வழக்கில், அல் காய்தாவுடனான மோதலுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று சொல்லி, புஷ்ஷின் உத்தரவை அந்த அளவில் முடித்துவைத்தது. எதிரி யார் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. இந்தச் சட்டம் பேசுவது தன் சீருடையை அணிந்தவனிடம்.

அப்புறம் டிக்டிக் என்று ஓடும் குண்டு. நகரத்தில் எங்கோ குண்டு இருக்கிறது, வைத்தவன் நம் கையில், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, என்ன செய்வாய்? இந்தக் கேள்வியை எழுப்பாத விவாதமே கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் குண்டை நிஜத்தில் பார்த்தவர் யார்? ‘24’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வாராவாரம் அதைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வரும் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்க முடியவில்லை என்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னெகன், 2006 நவம்பரில் தொடரின் தயாரிப்பாளர்களை நேரிலேயே போய்ப் பார்த்து, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டார். நிஜத்துக்கு வந்தால், செப்டம்பர் 11 தாக்குதலில் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட முகமது அல் கஹ்தானி 2001 டிசம்பரில் பிடிபட்டார். குவாண்டனாமோவில் அவரை ‘தங்கள் பாணியில்’ விசாரிக்கத் தொடங்கியது 2002 நவம்பர் 23-ல். எந்தக் குண்டு 11 மாதம் டிக்டிக் என்று ஓடும்? சில வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 20 மணி நேரம் விசாரணை. கழுத்தில் கயிறு கட்டி நாயைப் போலக் குரைக்கச் சொன்னதும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 35-க்கு இறங்கி மருத்துவரிடம் கொண்டுபோனதும் ராணுவத்தின் சொந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தத் தாக்குதலின் சூத்திரதாரி எனப்பட்ட காலித் ஷேக் முகமதை சிஐஏ பலகையில் கிடத்தி, முகத்தில் துணியைப் போட்டு நீரூற்றி மூச்சுமுட்ட வைத்தது 183 முறை. முதல் முறையிலேயே உண்மை வந்திருந்தால் 182 முறை எதற்கு?

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அடித்தால் யாருமே உண்மை பேசமாட்டார்கள் என்று நம் பக்கத்து ஆட்கள் சிலர் சொல்வது சரியில்லை. சிலர் பேசுவார்கள். வலி தாங்காமல் பெயரும் முகவரியும் கொட்டியவர்கள் எந்த நாட்டு வரலாற்றிலும் உண்டு. சிக்கல் கேட்கிறவன் பக்கத்தில். கொட்டியதில் எது உண்மை, எது அடியை நிறுத்தச் சொன்ன பொய் என்று பிரிக்க அவனிடம் வழியில்லை. வியட்நாமில் ஐந்தரை வருடம் கைதியாக இருந்து, பின்னால் செனட்டரான ஜான் மெக்கெய்ன், உன் படைப்பிரிவில் யார் யார் என்று சித்திரவதை செய்து கேட்டபோது கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். எழுதிக்கொண்டார்கள், அடி நின்றது.

இதைவிடப் பெரிய கூத்து, அமெரிக்கா குவாண்டனாமோவில் கையாண்ட முறைகள் எங்கிருந்து வந்தன என்பது. கொரியப் போரில் சீனர்களிடம் பிடிபட்ட அமெரிக்க விமானிகள், கிருமிக் குண்டு போட்டோம் என்று பொய்யாக ஒப்புக்கொண்டார்கள். தூங்கவிடாமல், நிற்கவைத்து, தனிமையில் போட்டு வாங்கிய வாக்குமூலங்கள். அதை ஆராய்ந்து ஆல்பர்ட் பிடர்மேன் என்ற அறிஞர் 1957-ல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டுரையின் தலைப்பே பொய் வாக்குமூலத்தைப் பற்றியது. 2002-ல் குவாண்டனாமோ விசாரணையாளர்களுக்கு அந்த அட்டவணையையே பாடமாக நடத்தியிருக்கிறார்கள், அட்டவணையின் தலைப்பை மட்டும் கழற்றிவிட்டு. பொய் வாங்குவதற்கென்று கண்டுபிடித்த கருவியை எடுத்துக்கொண்டு உண்மையைத் தோண்டப் போனார்கள்.

அது தோண்டியெடுத்தது என்ன தெரியுமா? ஒரு போருக்கான காரணம். இப்ன் அல் ஷேக் அல் லிபி என்ற கைதியை சிஐஏ எகிப்திடம் கொடுத்தது. சுமார் 50 சென்டிமீட்டர் அகல நீளப் பெட்டிக்குள் 17 மணி நேரம் அடைத்துவைத்தார்கள், பிறகு அடித்தார்கள் என்று அவர் பின்னால் சொன்னார். அல் காய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்று அங்கே ஒரு கதை சொன்னார். அந்தக் கதை 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் வாயிலிருந்து வந்தது. அடுத்த மாதம் படையெடுப்பு. 2004-ல் அல் லிபி, அடி தாங்காமல் சொன்னேன் என்று மறுத்தார். சிஐஏ அந்தத் தகவலைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற வேறெதுவும் அப்போது மிச்சமில்லை.

அடிக்காமல் உண்மையை வாங்கத் தெரிந்தவர்கள் அந்தந்த ராணுவத்திலேயே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் ஹான்ஸ் ஷார்ஃப் நேச நாட்டு விமானிகளைக் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போவார். அமெரிக்க விமானத்தின் சுவடுக் குண்டு திடீரென்று சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிறதே, அது ஏன் என்று தெரிய வேண்டும். அவர் கேட்கவே இல்லை. உங்கள் நாட்டில் ரசாயனப் பஞ்சம் போலிருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னார். அட, அதெல்லாம் இல்லை, குண்டு தீரப்போகிறது என்று விமானிக்குக் காட்டுகிற அடையாளம் அது என்றார் கைதி. தான் ஒரு ரகசியம் சொன்னோம் என்பதே அவருக்குத் தெரியாது. போருக்குப் பிறகு ஷார்ஃப் அமெரிக்காவிலேயே குடியேறினார். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டின் சின்ட்ரெல்லா கோட்டையில் இருக்கும் மொசைக் சித்திரங்கள் அவர் கைவேலை. பசிபிக் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஷெர்வுட் மோரன், ஜப்பானில் நெடுங்காலம் பாதிரியாராக இருந்தவர். பிடிபட்டவனிடம் முதலில் அவன் காயத்தைப் பற்றிக் கேள் என்று 1943-ல் சக விசாரணையாளர்களுக்கு எழுதினார். சாவதைத் தவிர வேறு வழியில்லை என்று நம்பவைக்கப்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் அவரிடம் பேசினார்கள். சதாம் உசேனைப் பேசவைத்த எஃப்பிஐ அதிகாரி ஜார்ஜ் பிரோவிடம் இருந்த ஆயுதங்கள் அரபு மொழியும், மாதக்கணக்கான பொறுமையும், அம்மா சுட்டுக்கொடுத்த பிஸ்கட்டும்.

இதைக் கேட்டு, சட்டம் என்றால் டீயும் பிஸ்கட்டும் என்று முடிவுகட்ட வேண்டாம். 2006 செப்டம்பர் 6 அன்று வெளியான அமெரிக்க ராணுவக் கையேடு அவ்வளவு சாது இல்லை. பொய் சொல்லலாம். ஏமாற்றலாம். கைதியின் பெயர் எழுதிய தடித்த ஃபைலில் வெற்றுத்தாளைச் செருகி மேசையில் போட்டு, எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று பாவனை காட்டலாம். அவன் கர்வத்தைக் குத்தலாம், ஆசையைத் தூண்டலாம். மேலதிகாரி அனுமதித்தால் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் நாடகமும் போடலாம். கூடாதவை சில: அடி, மின்சாரம், நாய், நிர்வாணம், முகமூடி, நீரூற்றல், போலி மரணதண்டனை, உணவும் மருந்தும் மறுப்பது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: இதையே எதிரி உன் சிப்பாய்க்குச் செய்தால் ஒப்புக்கொள்வாயா? அந்தக் கையேட்டை வெளியிட்டுப் பேசிய லெப்டினன்ட் ஜெனரல் ஜான் கிம்மன்ஸ், வதைத்து வாங்கியதில் நல்ல உளவுத் தகவல் எதுவும் வந்ததில்லை என்றார். ராணுவ உளவுத்துறையின் தலைவர் பேசிய பேச்சு அது. (கையேட்டிலும் ஓட்டை உண்டு. அதன் பின்னிணைப்பு ஒன்று, ஒருவனை 30 நாள் தனியே பிரித்துவைத்து, நாளுக்கு 4 மணி நேரத் தூக்கம் மட்டும் தரலாம் என்கிறது. வெட்கக்கேடு. அதை அடைக்க வேண்டுமே தவிர, அதைக் காட்டி மற்றதையும் திறந்துவிடச் சொல்வதில் நியாயமில்லை.)

அடிப்பதற்கு முன் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: இவனுக்கு விஷயம் தெரியும் என்பது. இராக்கில் பிடிபட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறுதலாகப் பிடிபட்டவர்கள் என்று கூட்டுப்படையின் ராணுவ உளவு அதிகாரிகள் சிலரே தங்களிடம் சொன்னதாக 2004-ல் செஞ்சிலுவைச் சங்கம் அறிக்கை தந்தது. தெரியாதவனை அடித்தால் என்ன வரும்? இலங்கையில் பார்த்தோம். 1993-ல் மட்டக்களப்புப் பக்கத்தில் சுற்றிவளைப்பில் பிடித்த ஒரு தமிழ் இளைஞனின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. பெருவிரல் ரேகை வைத்தார். 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்து 50 வருடம் தண்டனை. மேல்முறையீட்டில் 35. 2004-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதை உரிமை மீறல் என்றது.

அடியால் நீதியும் கெட்டது, அதுவும் யாருக்கு? யேமனில் 2000-ல் ‘கோல்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கி 17 மாலுமிகளைக் கொன்ற வழக்கின் முக்கியக் கைதி அல் நஷிரி. 2007-ல் அவர் தந்த வாக்குமூலத்தை 2023-ல் ராணுவ நீதிபதியே தள்ளுபடி செய்தார். முந்தைய வருடங்களின் சித்திரவதை அதிலும் ஒட்டியிருக்கிறது என்பது காரணம். மகனைக் கொன்றவனுக்குத் தண்டனை கேட்டுக் காத்திருந்த பெற்றோர்கள் காத்திருந்தே களைத்துப்போனார்கள். கஹ்தானியின் வழக்கு தொடங்கவே இல்லை. அவரை நாங்கள் சித்திரவதை செய்தோம் என்று, வழக்குகளை முடிவுசெய்யும் பொறுப்பில் இருந்த சூசன் கிராஃபோர்ட் 2009-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2022-ல் சவூதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெல்ஷோஃபரை ராணுவ நீதிமன்றம் 2006 ஜனவரியில் விசாரித்தது. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு. ஒரு கண்டனக் கடிதம், 6,000 டாலர் சம்பள வெட்டு, 60 நாளுக்கு வீடு, வேலையிடம், தேவாலயம் தவிர வேறெங்கும் போகக் கூடாது. விதிகள் தெளிவாக இல்லை என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. அதில் பொய்யில்லை.

அந்தத் தெளிவைக் கேட்டவர் ஒரு சிப்பாய்தான். கேப்டன் இயன் ஃபிஷ்பேக், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். ஃபலூஜா அருகே தன் படைப்பிரிவு கைதிகளை நடத்திய விதத்தைக் கண்டு, எது கூடும், எது கூடாது என்று சொல்லுங்கள் என்று 17 மாதம் மேலதிகாரிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை. 2005 செப்டம்பரில் மெக்கெய்னுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 5-ல் செனட் 90-க்கு 9 என்ற வாக்கில் மெக்கெய்னின் திருத்தத்தை ஏற்றது. கைதிகளை ராணுவம் தன் கையேட்டுக்கு வெளியே போய் விசாரிக்கக் கூடாது என்று அந்த வருடக் கடைசியில் சட்டமானது. 2015-ல் அது சிஐஏ உள்ளிட்ட எல்லா அரசு அமைப்புகளுக்கும் விரிந்தது. ஃபிஷ்பேக் 2021 நவம்பரில், மனநலம் குலைந்து, ஒரு பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். வயது 42.

சிப்பாயின் கையைக் கட்டாதே என்று சிப்பாயின் பெயரால் வாதாடுகிறவர்கள், ஃபிஷ்பேக் 17 மாதம் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.